கடல் மணல் நிற்கிறது, மலை ஏன் சரிகிறது?

பாடசாலைச் சுற்றுலாவில் கொழும்புத் துறைமுக நகரத்தைப் பார்த்துவிட்டு வந்த ஹட்டன் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “கடலுக்குள் கொட்டிய மணல் கரையாமல் கட்டடங்களைத் தாங்கப் போகிறதாம். எங்கள் தோட்டத்தில் மலையே மழைக்குச் சரிகிறது. இது எப்படி சேர்?”

அருமையான கேள்வி. இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: மண்ணின் துளைகளுக்குள் இருக்கும் நீர்.

முதலில் கடல். காலி முகத்திடலை ஒட்டி 269 ஹெக்டேயர் நிலத்தை உருவாக்க ஏறத்தாழ 65 மில்லியன் கன மீட்டர் மணல் தேவைப்பட்டது. 2014 செப்டம்பர் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட திட்டத்தில், மணல் நிரப்பும் வேலை 2019 ஜனவரியில் முடிந்தது. கப்பல்கள் கடலடி மணலை உறிஞ்சிக்கொண்டு வந்து கொட்டும், அல்லது குழாய் வழியே பீச்சியடிக்கும். அலை அரிக்காமல் இருக்க வெளிப்புறம் கருங்கல் அலைதடுப்பு. துபாயின் பாம் ஜுமைரா தீவும் இதே வழியில் எழுந்ததுதான். மணல் அகழ்வால் மீன்வளம் கெடும் என்று நீர்கொழும்பு மீனவர்கள் போராடியதையும் மறக்கக்கூடாது.

ஆனால் கொட்டிய மணல் அப்படியே கட்டடம் தாங்காது. மணல்மணிகள் ஒன்றையொன்று தொட்டு, உராய்ந்து நிற்பதால்தான் மண்ணுக்குப் பலம். இடைவெளிகளில் நீர் நிறைந்திருந்தால், மேலிருந்து வரும் பாரத்தை மணிகளும் நீரும் பங்குபோட்டுக்கொள்ளும். நீரின் அழுத்தம் ஏற ஏற, மணிகள் ஒன்றையொன்று அழுத்துவது குறையும். உராய்வும் குறையும். நீருக்கென்று உராய்வுப் பலம் ஏது? இதை 1920களில் தெளிவாகக் கணக்கிட்டுக் காட்டியவர் பொறியியலாளர் கார்ல் டெர்சாகி. மண்பொறியியல் முழுவதும் இந்த ஒரு கணக்கின்மேல்தான் நிற்கிறது என்பேன்.

பொறியியலாளர்கள் இங்கே செய்யும் காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மணலைப் பலப்படுத்த, முதலில் அதன் பலத்தை வேண்டுமென்றே பறிக்கிறார்கள். பாம் ஜுமைராவில் செய்ததும் இதுதான். நீண்ட உருக்குக் குழாய் ஒன்றைக் கிரேனில் தொங்கவிட்டு மணலுக்குள் இறக்குவார்கள். அதன் அடிப்பகுதிக்குள் ஒரு பக்கம் மட்டும் கனமான எடை சுழலும். குழாய் பக்கவாட்டில் அதிரும். நுனியில் நீர் பீச்சும். தளர்வான மணல் அதிர்ந்ததும் நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள நீருக்கு வெளியேற நேரமில்லாததால் அழுத்தம் சட்டென்று ஏறி, மணிகள் ஒன்றையொன்று விட்டுவிடும். சில கணங்களுக்கு அந்த மணல் ஒரு திரவம். பிறகு நீர் மேலே கசிந்து போகும், மணிகள் இன்னும் நெருக்கமாக அமரும். சுண்டில் அளந்த அரிசியைத் தட்டினால் மட்டம் இறங்குமே, அதேதான். குழாயைச் சுற்றிப் புனல் வடிவப் பள்ளம் விழும். அதில் மேலும் மணல் போட்டு, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, அப்புறம் சில மீட்டர் தள்ளி மறுபடியும் இறக்குவார்கள்.

நெருங்கி அமர்ந்த மணலுக்கு இன்னொரு குணம் வந்துவிடும். அதை நகர்த்த வேண்டுமானால் மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் ஆக வேண்டும். இடைவெளி பெரிதாகும், நீர் உள்ளே இழுக்கப்படும், நீரழுத்தம் குறையும், பிடிப்பு கூடும். ஈரக் கடற்கரையில் அழுத்திக் காலூன்றிப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி மணல் திடீரென்று காய்ந்ததுபோல் வெளுக்கும். நீர் உள்ளே இழுபடுகிறது. ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விளக்கியது இதைத்தான்.

சரி, மலைக்கு வருவோம். சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு அதே உராய்வுக்கு. நாட்கணக்கில் மழை ஊறி நிலத்தடி நீர் ஏறினால் துளைகளில் அழுத்தம் கூடும், உராய்வு தளரும். அதிர்வே தேவையில்லை. மணலில் நீர் சீக்கிரம் வடியும். களி கலந்த மலைமண்ணில் மெல்லத்தான் வடியும். மழை விட்ட பிறகும் மலை சரிவது அதனால்தான்.

துறைமுக நகரம் தொடங்கிய ஆறே வாரத்தில், 2014 அக்டோபர் 29 காலையில், மலையகத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மலைத்தெய்வத்தின் கோபம் என்று பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு, மாற்று நிலம் கொடுக்காதவர்களைக் கேள்வி கேட்கவிடாமல் செய்கிறது. கடலோரத்தில் கட்டடம் எழுப்பும் முன் நிலத்தைத் துளைத்துத் துளைத்துச் சோதிக்கிறார்கள். லயங்களுக்கு மேலே துளைநீர் அழுத்தத்தை அளக்கும் கருவிகளை வைக்கவும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும். நீரை வடித்தால் சரிவு அடங்கும் என்பதற்கு நம் மலையகத்திலேயே சான்று இருக்கிறது: வட்டவளையில் ரயில்பாதையை நகர்த்திய சரிவுக்குள் வடிகுழாய்களைச் செலுத்தித்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

தோட்டத்துக் கான்களும் (வடிகால்களும்) செய்வது அந்த வேலையைத்தான். மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் வெளியே கொண்டுபோகின்றன. தூர்ந்துபோன கானில் தேங்கும் நீர் நேரே லயத்துக்கு மேலுள்ள மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த மண்ணில் புதிதாக வெடிப்போ, இதுவரை இல்லாத ஊற்றோ, கலங்கல் நீரோ தெரிந்தால் மழை விடட்டும் என்று காத்திருக்காமல் எல்லோரும் உடனே லயத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும்.