நீல் தீவுக்குச் செல்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது வற்ற நேரம்

அந்தமானின் நீல் தீவில் சில காலம் மருத்துவராகப் பணியாற்றினேன். 2018 டிசம்பரில் ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றப்பட்ட பின்னும், படகுத்துறையில் பலரும் அதை நீல் என்றே அழைக்கிறார்கள். ஸ்ரீ விஜய புரத்திலிருந்து, அதாவது பழைய போர்ட் பிளேரிலிருந்து, கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று கடற்கரைகளுக்கெல்லாம் இராமாயணப் பெயர்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் காய்கறித் தோட்டங்களுக்கும் பாக்கு மரங்களுக்கும் நடுவே வாடகை சைக்கிளில் போனால், ஒரே நாளில் தீவின் முக்கியமான இடங்கள் அனைத்தையும் எட்டிவிடலாம். எட்டிவிடலாம் என்பதுதான் சிக்கலே. இடங்கள் பக்கத்தில் இருப்பதால் எந்த நேரத்திலும் எதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்து வருகிறவர்களையே, காலில் ரத்தத்தோடு அதிகம் பார்த்திருக்கிறேன்.

இத்தீவில் நேரத்தைத் தீர்மானிப்பது கடல்தான். நாளொன்றுக்கு இருமுறை ஏற்றம், அதாவது கடல் நீர் உயர்வது; இருமுறை வற்றம், அதாவது நீர் வடிவது. இரண்டும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 7 மணிக்கு வற்றம் என்றால் நாளை 7.50 அளவில் வரும். ஒரு வாரம் கழித்து அதே காலை 7 மணிக்குக் கடல் ஏறி நிற்கும். ஆகவே, போன மாதம் சென்று வந்த நண்பர் எழுதிக் கொடுத்த பயணத் திட்டம் உங்களுக்குப் பயன்படாது. தங்கும் விடுதியில் அன்றைய வற்ற நேரத்தைக் கேட்டுக் கொண்ட பிறகே மற்றவற்றைத் திட்டமிட வேண்டும்.

வற்றத்தில் மட்டுமே பார்க்கக்கூடியது, லக்ஷ்மண்பூரின் இரண்டாம் கடற்கரையில் உள்ள இயற்கைப் பாலம். கடல் குடைந்த அந்தப் பாறை வளைவைக் குடியேறிய வங்காளிகள் ஹவுரா பாலம் என்றே அழைத்தார்கள். அதை அடையும் வழி முழுவதும் பழைய பவளம் இறுகிய, பாசி படிந்த பாறை. வற்றம் வந்ததும் அதன் குழிகளில் முழங்கால் ஆழத்துக்குக் கூட இல்லாத நீர் தேங்கி நிற்கும். ஒரு குழியின் அருகில் அசையாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கறுத்த தோலோடு கிடக்கும் கடல் அட்டை மெல்ல நகரும். கல் என்று நினைத்தது நண்டாக மாறும். நிழல் விழுந்ததும் சிறு மீன்கள் பொந்துக்குள் மறையும். தீவில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

அங்கிருந்து ஒரு நாள் ஓர் இளைஞரைத் தூக்கி வந்தார்கள். வலது பாதத்தில் கடல் முள்ளெலியின் கறுத்த முட்கள் பதினேழு ஒடிந்து நின்றன. “தண்ணி முழங்கால் அளவுதான் டாக்டர் இருந்துச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போகும்போது அப்படித்தான் இருந்திருக்கும். வற்றம் முடிந்து கடல் ஏறத் தொடங்கினால், முதல் மணி நேரத்தில் நீர் மெதுவாகவே உயரும். மூன்றாம், நான்காம் மணிகளில் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். படம் எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பும்போது, வந்த வழியின் தரை கலங்கிய நீருக்கடியில் மறைந்திருந்தது. அதிலும் வெறுங்கால். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீர் திரும்பியதும் புறப்பட்டுவிட வேண்டும். பின்பட்டை உள்ள, அடி தடித்த செருப்பு கட்டாயம்.

முள் குத்தினாலோ, கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனை மிதித்துவிட்டாலோ, பாதத்தைச் சூடு பொறுக்கும் வெந்நீரில், 45 பாகை செல்சியசுக்கு மேற்படாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருங்கள். வலியில் இருக்கும் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால், அடிபடாத காலை முதலில் வைத்துப் பாருங்கள். கல்மீன் என்று சந்தேகம் இருந்தால் வெந்நீரோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அழகான கூம்பு வடிவச் சங்குகளைக் கையில் எடுக்கவே கூடாது. சில இனங்களின் நஞ்சு உயிரைப் பறிக்கும்.

பரத்பூருக்கு இதற்கு நேர் எதிரான நேரம் வேண்டும். அங்கே பவளப்பார் கரையை ஒட்டியே இருப்பதால், கண்ணாடி அடிப்படகுக்கும் முகமூடியிட்டு மிதப்பதற்கும் கடல் ஏறி நிற்கும் நேரமே நல்லது. ஆழம் குறைந்த நேரத்தில் நீந்துகிறவர்கள் களைத்ததும் காலூன்றுவது பவளத்தின் மேல்தான். மிதியில் உடையும் அந்தக் கிளை பல ஆண்டுகள் வளர்ந்தது. 2010-இல் கடல் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளுத்து நலிந்ததைக் கண்டவர்கள் தீவில் இன்றும் இருக்கிறார்கள். மிதவை உடையைக் கழற்றாமல் இருந்தாலே காலூன்றும் தேவை வராது. உடைந்த பவளத் துண்டைக் கூட எடுத்து வராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

காற்று உருளையோடு செய்யும் ஆழ்கடல் மூழ்கலை (ஸ்கூபா) பயணத்தின் முதல் நாட்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு மேல் மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. சளி, காது வலி, ஆஸ்துமா இருப்பதை மறைத்துப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். நீருக்கடியில் ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள். மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும்.

இன்னொன்று, பொழுது. இந்தியாவின் பொது நேரத்துக்கு நீலின் சூரியன் 40 நிமிடம் முந்தியது. டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே லக்ஷ்மண்பூரில் சூரியன் மறைந்துவிடும் என்பதால், 4 மணிக்கே அங்கே இருங்கள், கைவிளக்கோடு.

அந்த இளைஞரின் முட்களில் வெளியே நீட்டியிருந்தவற்றை மட்டும் எடுத்து, மறுநாள் நடக்கவே வேண்டாம் என்று அனுப்பினேன். கப்பலுக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரமும், பரத்பூர்ப் படகுத்துறையின் ஓரத்தில் உட்கார்ந்தபடி, கீழே தெளிந்த நீரில் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு தொலைபேசியில் சொன்னார்.