பைட்டேஸ் போட்டாச்சு, டி.சி.பி. எதற்கு?

இந்த மாதத்தில் இது மூன்றாவது பண்ணை. பல்லடம் பக்கம், சொந்தமாகத் தீவனம் அரைத்து பிராய்லர் வளர்ப்பவர். "17 நாள் குஞ்சுங்க டாக்டர், எந்திரிக்கவே மாட்டேங்குது. ஏதோ வைரஸாட்ட இருக்குதுங்க" என்று போனில் பதறினார்.

செட்டுக்குள் நுழைந்தால், குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் குந்திக்கிடக்கின்றன. ஒன்றைத் தூக்கி அலகை அழுத்தினேன். ரப்பர் மாதிரி வளைந்தது. செத்துக் கிடந்ததன் கால் எலும்பை ஒடித்தேன். 'படக்'கென்று முறிய வேண்டியது, முருங்கைப் பிஞ்சு போல மடங்கியது. வைரஸாவது ஒன்றாவது! எலும்பு கெட்டிப்படாமல் வளைகிற ரிக்கெட்ஸ்.

தீவன நோட்டை வாங்கிப் பார்த்தேன். டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட், தீவனத்துக்குப் பாஸ்பரஸும் கால்சியமும் தரும் தாது உப்பு) வரியைப் பேனாவால் அடித்திருந்தார். "பைட்டேஸ் போட்டா அது வேண்டாம்னு கடையில சொன்னாங்க."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற, கோழியால் எளிதில் செரிக்க முடியாத வடிவில் அடகில் கிடக்கிறது. பைட்டேஸ் என்ற என்சைம் அதில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். நகையை மீட்கத்தான் அதற்குத் தெரியும், செய்யத் தெரியாது. கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் பைட்டேஸ் என்ற வழக்கமான அளவில், டன்னுக்குச் சுமார் 6 முதல் 8 கிலோ டி.சி.பி.யைக் குறைக்கலாம். குறைக்கலாம் என்றுதான் சொல்கிறேன், எடுத்துவிடலாம் என்று சொல்லவில்லை. நீங்கள் போட்டு வந்தது 18 கிலோ என்றால் மீதி 10 கிலோ எங்கிருந்து வரும்?

இவர் இன்னொன்றும் செய்திருந்தார். மக்காச்சோளம் விலை ஏறியதும் பாதிக்குக் குருணை போட்டார். தீட்டிய அரிசியில் பாஸ்பரஸே சொற்பம், பைட்டேட்டும் அப்படியே. அடகுக் கடையே காலி. பைட்டேஸ் எதைப் போய் மீட்கும்? இதற்கு மேல், கால் விழுகிறது என்று தண்ணீரில் கால்சியம் டானிக் வேறு. பாஸ்பரஸ் இல்லாத இடத்தில் கால்சியத்தை மட்டும் ஏற்றினால் இழுபறி இன்னும் மோசமாகும். (ஆன்டிபயாடிக்கும் 3 நாள் ஓடியிருந்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோபம்தான் வரும்.)

என்சைம் வளர்ச்சி மருந்து இல்லை. இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு எடை வராது. பூஞ்சை பிடித்த சோளத்தை அது சரிசெய்யாது. கோதுமை சேர்ப்பவர்களுக்கு சைலனேஸ் என்ற வேறொரு என்சைம் அவசியம், இல்லாவிட்டால் எச்சம் பிசுபிசுத்து ஆழ்கூளம் (செட்டுத் தரையில் பரப்பும் படுக்கை) நனையும். குருணைக்கு அது தண்டச் செலவு.

கிராமுக்கு 5000 யூனிட் உள்ள பைட்டேஸ் சரக்கு டன்னுக்கு வெறும் 100 கிராம். அதை அப்படியே மிக்சரில் கொட்டாதீர்கள். முதலில் 2 கிலோ சோள மாவில் கலந்து, அதை 20 கிலோவில் கலந்து, பிறகு போடுங்கள். தீவனத்தைச் சூடாக்கி பெல்லட் (குச்சித் தீவனம்) அடிப்பவர்கள், 80 டிகிரி தாண்டினாலும் தாங்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். பிரித்த பாக்கெட்டைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

ஒரே ஒரு கெஞ்சல். நோட்டில் ஒரு வரியை அடிக்கும் முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் டாக்டருக்கு அனுப்புங்கள். ராத்திரி 11 மணியானாலும் பரவாயில்லை. அந்தப் பண்ணையில் டி.சி.பி.யைத் திரும்பப் போட்டு, வைட்டமின் டி3 கொடுத்து, நடமாடியவற்றைத் தேற்றிவிட்டோம். அடியோடு விழுந்த சுமார் 400 குஞ்சுகளைக் கழிக்கத்தான் வேண்டியிருந்தது.