கிரேடு 8 முடித்த கையோடு ஜாஸ் படிப்பா?

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அப்பா தன் மகனோடு வந்தார். பையன் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறான். ஆலயப் பாடகர் குழுவோடு வாசித்து வளர்ந்த பிள்ளை, நாதம் அவ்வளவு சுத்தம். ஜாஸ்தான் படிப்பேன் என்கிறான். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இசைப் பட்டப்படிப்புக்கு முன்பணமும் கட்டிவிட்டார்கள். "அங்கே சாக்ஸபோனுக்கு யார் ஆசிரியர்?" என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. அப்போதே கல்லூரிக்குப் போன் போட்டோம். பியானோவுக்கும் வாய்ப்பாட்டுக்கும் மட்டும்தான் ஆள் இருக்கிறதாம். இந்த வருஷத்தில் இப்படி வந்த மூன்றாவது குடும்பம் இது.

"கிரேடு எட்டு டிஸ்டிங்ஷன்ல முடிச்சிட்டாம்லா சார், பொறவென்ன?" என்றார் அப்பா. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்புகள் நடத்தும் கருவித் தேர்வுகளில் கிரேடுகளின் கடைசிப் படி அது.

இந்த எண்ணம்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது. கிரேடு தேர்வில் மாதக்கணக்கில் பழகிய உருப்படிகளை வாசிக்கிறோம். டிரினிட்டியில் இம்ப்ரவைசேஷனை, அதாவது அந்த நேரத்தில் தோன்றுவதைக் கற்பனையாக வாசிப்பதை, தொடாமலேயே கிரேடு 8 வாங்கிவிடலாம். ஏபிஆர்எஸ்எம் ஜாஸுக்கென்று நடத்தும் தேர்வோ கிரேடு 5 வரைதான். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் சீமையில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டுமா? கீர்த்தனையை மட்டும் பாடம் பண்ணி ஒப்பிக்கிறவரை நாம் வித்வான் என்று சொல்வதில்லை. ராகம் வாசிக்க வேண்டும், ஸ்வரம் போட வேண்டும். ஜாஸிலும் அப்படித்தான். பாஸ்டன் பெர்க்லீ இசைக் கல்லூரியின் ஆடிஷனில், அதாவது சேர்க்கைக்காக வாசித்துக் காட்டும் தேர்வில், தயாரித்த உருப்படியோடு இம்ப்ரவைசேஷனும் கேட்பார்கள். காதால் கேட்டு வாசிக்கச் சொல்வார்கள், புதுத் தாளை வைத்தும் வாசிக்கச் சொல்வார்கள்.

நான் கீபோர்டில் பி பிளாட் சுருதியில் பன்னிரண்டு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி) ப்ளூஸ் சுற்றைப் பிடித்தேன். ஆல்டோ சாக்ஸபோனில் அதை ஜி என்று வைத்து வாசிக்க வேண்டும். "தோணுறத வாசி தம்பி" என்றேன். நாலு பார் போனது. விரல்கள் சாவிகளின் மேல் அப்படியே நின்றன. "நோட்ஸ் தாங்க சார்" என்றான். பிள்ளை மேல் குற்றமே இல்லை, அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

அதனால் பணம் கட்டும் முன் கேளுங்கள். உங்கள் கருவிக்கு ஆசிரியர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் தனியாகச் சொல்லித்தருவார்? டிரம்ஸும் பாஸும் சேர்ந்து வாசிக்க அங்கே ஆள் இருக்கிறதா? இது இல்லாத இடத்தில் கட்டிடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். கொடுப்பது டிகிரியா, டிப்ளமாவா, எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில்? இதை எழுத்தில் வாங்குங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம்தானே, சென்னைப் பக்கம் என்றால் நேரில் போய், அங்கே படிக்கிற பிள்ளைகள் வாசிப்பதை உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் ஒன்று: அமெரிக்காவில் கச்சேரி வாசித்து ஃபீஸ் கட்டிவிடலாம் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதல் கல்வியாண்டில் கல்லூரிக்கு வெளியே வேலை பார்க்கக் கூடாது.

பிள்ளைகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் ஒரு சோலோவை (தனி வாசிப்பை) எடுங்கள். தாளைத் தேடாமல், முதலில் வாயால் பாடி, பிறகு கருவியில் பிடியுங்கள். அந்தப் பையன் இப்போது தினமும் சாயங்காலம் வந்து அதைத்தான் செய்கிறான். நேற்று எட்டு பார் வந்துவிட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு அவன் அப்பா எழுதிய கடிதத்துக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.