பாரத்நெட்: ஊராட்சி வரை வந்த ஃபைபர், வீட்டுக்கு வருவது எப்படி?

ஊராட்சி அலுவலகத்தில் ஃபைபர் (ஒளியிழை கேபிள்) பெட்டி மாட்டியாகிவிட்டது. தெருவில் யார் வீட்டிலும் இணையம் இல்லை. காரணம் எளிது. 2011-இல் ஒப்புதல் பெற்று 2015-இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய இந்த மத்திய அரசுத் திட்டம், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி வரை கேபிள் இழுக்கத்தான் முதலில் போடப்பட்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு அதைச் செய்வது மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம். வீட்டு இணைப்பு தருவது தொலைத்தொடர்பு நிறுவனமோ, அதன் பங்குதாரரான உள்ளூர் கேபிள்காரரோதான்.

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ரூ.1,39,579 கோடிக்குத் திட்டத்தைத் திருத்தி, 5 ஆண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் என்று இலக்கு வைத்தது. கேபிளை வளையமாக இழுக்கும் அமைப்பும் அதில் இடம்பெற்றது. நேர்கோட்டில் போகும் கேபிளை ஜேசிபி ஓரிடத்தில் அறுத்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் அத்தனையும் துண்டிக்கப்படும். வளையத்தில் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும்.

இணைப்பு கேட்கும்போது பதிவேற்ற வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். பதிவிறக்க வேகம் 2 எம்பிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்பது 2023 முதல் உள்ள விதி. அதை நம்பித் தொழில் நடத்த முடியாது. இ-சேவை மையத்தில் ஒவ்வொரு சான்றிதழ் விண்ணப்பத்துக்கும் ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். பாதியில் நின்றால் மனுதாரர் மறுநாளும் வருவார். அவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

மாட்டி முடித்ததும் ஃபைபரில் வரும் ஒளியின் அளவை, அளக்கும் கருவியில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) வரை மோடம் வேலை செய்யும் என்றாலும், மைனஸ் 25-ஐத் தாண்டி மைனஸ் 26, 27 என்று இருந்தால் இணைப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். கேபிள் சற்று மடங்கினாலும் இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும். மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று பொருள். மோடத்தை அணைத்துப் போட்டுப் பயனில்லை, ரீசெட் பொத்தானை அழுத்தவே வேண்டாம். சிவப்பு இல்லாமலே மெதுவாக இருந்தால், வைஃபையை விட்டு லேன் வயரில் சோதித்த பிறகு புகார் கொடுங்கள். கரண்ட் போனால் இணையமும் போகும் ஊர்களில், மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று உதவும்.

புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தீரவில்லையா? அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது. எண் இல்லாமல் போனால் மனு நிற்காது.