ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது

தாண்டிக்குடிப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தார்ச் சாலையிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். மழைக்காலத்தில் அவருடைய பழைய ஜீப் பாதி வழியில் நின்று ஒற்றைச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். இந்த முறை வண்டியை மாற்றியே தீருவது என்று முடிவெடுத்து மஹிந்திரா தார் ராக்ஸ், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா மூன்றையும் போய்ப் பார்த்திருக்கிறார். "வேரியன்ட் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?" என்பது அவர் கேள்வி.

பதில் அவர் கடிதத்திலேயே இருக்கிறது. ஒற்றைச் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றாரே, அங்கேதான். தரையை நன்றாகப் பிடித்துக்கொண்டு மற்ற சக்கரங்கள் காத்திருக்க, என்ஜின் ஏன் தன் உழைப்பையெல்லாம் சேற்றில் வழுக்கும் ஒரு சக்கரத்திடம் கொட்டுகிறது? இது புரிந்துவிட்டால் வேரியன்ட் பட்டியலில் முக்கால்வாசியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். ஒன்றரை மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சக்கரங்கள் ஒரு யூ-டர்ன் எடுத்து முடிக்கும்போது, வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். இடைவெளியைப் பை (3.14) என்ற எண்ணால் பெருக்கினால் வருகிற கணக்கு இது. சிறிய வட்டமோ பெரிய வட்டமோ, மாறாது. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கியிருந்தால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தாக வேண்டும். அதைத் தவிர்க்க அச்சின் நடுவில் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். என்ஜின் விசையை வாங்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலோடு சேர்ந்து ஒரு கூடு சுழல்கிறது. கூட்டுக்குள் ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்கள். அவற்றின் இரண்டு பக்கமும் பல் கோத்தபடி இரண்டு பல்சக்கரங்கள், வலது சக்கரத்துக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. 1820-களின் பிற்பகுதியில் பிரான்சின் பெக்கூர் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றைக்கும் அடிப்படையில் அதே வடிவம்தான்.

அந்த ஸ்டார் பினியனை ஒரு காவடித் தண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் தண்டு, இரண்டு முனையிலும் தண்ணீர்க் குடம். தோள் நடுவில் தாங்குகிறது, இரண்டு முனைக்கும் சமமாகத் தூக்கு விசை போகிறது. தண்டு சாய்ந்தாலும் நிமிர்ந்தாலும் விசை இரண்டு பக்கமும் சமம். இப்போது ஒரு குடத்தைக் கழற்றிவிட்டால்? மறுமுனைக் குடம் தடாலென்று தரைக்கு இறங்கிவிடும். தோளில் எவ்வளவு பலம் இருந்தாலும் ஒற்றைக் குடத்தைத் தூக்க முடியாது, தண்டு சாய்ந்துகொண்டே போகும். டிஃபரன்ஷியலிலும் இதேதான் நடக்கிறது. வழுக்கும் சக்கரம் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்குமோ அதே அளவுதான் மறுபக்கத்துக்கும் போகும். சேற்றில் இருக்கும் சக்கரம் 50 நியூட்டன் மீட்டரிலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டால், பாறை மேல் திடமாக நிற்கும் சக்கரத்துக்கும் 50 தான். வண்டியை நகர்த்த 500 வேண்டுமென்றால், நகராது.

"அதற்குத்தானே ஃபோர் வீல் டிரைவ்?" என்று கேட்கலாம். இந்த மூன்று வண்டிகளிலும் ஃபோர் வீலைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. லோ, அதாவது வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கியரைப் போட்டால் விசை இன்னும் பெருகுகிறது, ஜிம்னியில் சுமார் 2 மடங்கு, தாரில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆனால் ஒவ்வொரு அச்சுக்குள்ளும் அந்தக் காவடி அப்படியேதான் இருக்கிறது. முன்னே ஒரு சக்கரமும் பின்னே எதிர் மூலைச் சக்கரமும் பிடிமானம் இழந்துவிட்டால், நாலு சக்கர வண்டியும் நிற்க வேண்டியதுதான். பள்ளமும் மேடுமான தோட்டப் பாதையில் இது அடிக்கடி நடக்கும்.

டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இதற்கான மருந்து நன்றாகத் தெரியும். வலது குதிகாலுக்கு அருகில் ஒரு பெடல் இருக்கும், டிஃப் லாக். ஒரு சக்கரம் சேற்றில் சுற்ற ஆரம்பித்ததும் அதை மிதித்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுழலும், வண்டி வெளியே வந்துவிடும். காவடித் தண்டைத் தோளோடு சேர்த்துக் கட்டிவிடுவது மாதிரி. இனி அது சாயாது. ஒரு முனையில் குடம் இல்லாவிட்டாலும் மறுமுனையைத் தூக்கலாம். அப்படியென்றால் வண்டி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வேரியன்டில் அந்தக் காவடியை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதுதான்.

ஜிம்னியில் கட்டுவதில்லை. ஜீட்டா, ஆல்ஃபா என்ற அதன் இரண்டு வேரியன்டிலும் இருப்பது பிரேக் எல்எஸ்டி, அதாவது சக்கரம் வழுக்குவதை பிரேக்கால் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. இது காலியான முனையில் ஒரு கல்லைத் தொங்கவிடும் வழி. சுற்றும் சக்கரத்தைக் கணினி கண்டுபிடித்து அதற்கு மட்டும் பிரேக் பிடிக்கிறது. 400 நியூட்டன் மீட்டர் பிரேக் என்று வைத்துக்கொள்வோம். சேறு 50, பிரேக் 400, ஆக அந்தப் பக்கம் 450 தாங்குகிறது. டிஃபரன்ஷியலுக்குச் சேறும் பிரேக்கும் வேறுவேறு என்று தெரியாது. 450 தாங்குகிறதா, சரி, மறுபக்கத்துக்கும் 450 கொடுக்கிறது. தரைக்குப் போவது 50-ம் 450-ம் சேர்த்து 500. வண்டி நகர்ந்துவிடும்! ஆனால் அதற்கு என்ஜின் 900 கொடுத்தாக வேண்டும், பிரேக் தட்டு சூடாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இத்தகைய வண்டிகளில் சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. ஆக்சிலரேட்டரை நிதானமாக அழுத்திப் பிடித்தால்தான் கணினி வேலை செய்ய நேரம் கிடைக்கும். ஜிம்னியின் எடை ஏறக்குறைய 1,200 கிலோதான் என்பதால் அதற்கு இந்த முறையே பெரும்பாலும் போதுமாகிவிடுகிறது.

கூர்க்காவில் முன், பின் இரண்டு அச்சிலும் ஓட்டுநரே பூட்டும் டிஃப் லாக் உண்டு. டிராக்டர் வழி, அதுவும் இரண்டு அச்சிலும். தார் ராக்ஸின் ஃபோர் வீல் வேரியன்ட்களில் பின் அச்சை ஒரு பொத்தானால் மின்சாரமே பூட்டிவிடுகிறது.

என்னை மயக்குவது இவை எதுவும் இல்லை. 2020 அக்டோபரில் வந்த மூன்று கதவுத் தாரில் ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக் ஒன்று இருந்தது. பொத்தான் இல்லை, வயர் இல்லை, சென்சார் இல்லை. தனக்கு எப்போது பூட்ட வேண்டும் என்று அந்த இரும்புக்கே தெரியும்.

எப்படி என்று பார்ப்போம். டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் ஒரு சிறிய கவர்னர் உட்கார்ந்திருக்கிறது. பழைய நீராவி என்ஜின்களில் வேகத்தைக் கட்டுப்படுத்திய அதே கவர்னரின் பேரன் இது: ஒரு சிறு தண்டு, அதில் ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடித்த இரண்டு எடைகள். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் கூட்டுக்குள் எதுவும் அசையாது, கவர்னரும் சும்மா இருக்கும். ஒரு சக்கரம் வேகமெடுத்தால் உள்ளே இருக்கும் கேம் தட்டு திரும்பும், அதோடு பல் கோத்த கவர்னரும் சுழலும். இரண்டு சக்கரங்களுக்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தொட்டால் மையவிலக்கு விசை ஸ்பிரிங்கை வென்றுவிடுகிறது. எடைகள் விரிந்து அருகில் இருக்கும் ஒரு கொக்கியில் டக்கென்று மாட்டிக்கொள்கின்றன. கவர்னர் நின்றுவிட்டது, அதனால் கேம் தட்டும் நின்றாக வேண்டும். ஆனால் சக்கரத்தோடு இணைந்த பல்சக்கரம் இன்னும் திரும்பத்தான் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகச் செதுக்கிய சரிவுகள் இருக்கின்றன. ஒன்று நிற்க இன்னொன்று திரும்ப, மேடு மேட்டின்மேல் ஏறி, பல்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி கிளட்ச் தட்டுகளை நசுக்குகிறது. கூடும் பல்சக்கரமும் ஒன்றாகிவிட்டன. பூட்டு விழுந்துவிட்டது.

இதில் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன. சாதாரணத் திருப்பத்தில் தவறாகப் பூட்டிவிடாதா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினாலும் இரண்டு சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்கு 50 சுற்றைத் தாண்டவில்லை. 100 வர வேண்டுமென்றால் ஏதோ ஒரு சக்கரம் உண்மையிலேயே வழுக்கியாக வேண்டும். அடுத்தது, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஈரத்தில் ஒரு சக்கரம் வழுக்கினால்? அப்போது பூட்டினால் ஆபத்து. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அந்தக் கொக்கிக்கே ஓர் எடை உண்டு. வண்டி சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கூடு சுழலும் வேகத்தில் கொக்கி தானே விலகிப் போய்விடுகிறது. கவர்னர் எடைகள் விரிந்தாலும் மாட்டிக்கொள்ள எதுவும் இருக்காது. சக்கரம் வழுக்குவதைப் பார்ப்பதும் மையவிலக்கு விசை, வண்டியின் வேகத்தைப் பார்ப்பதும் அதே மையவிலக்கு விசை. ஒரே விதியை எதிரெதிர் வேலைக்கு நிறுத்திவைத்த அந்தப் பொறியாளரை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஆனால் 2023 தொடக்கத்தில் ஃபோர் வீல் தார்களுக்கெல்லாம் பிரேக் வழிப் பூட்டு வந்து, இந்த மெக்கானிக்கல் லாக் எல்எக்ஸ் என்ற வேரியன்டின் டீசலில் மட்டும், அதுவும் கூடுதல் தேர்வாக, ஒதுங்கிவிட்டது. அதன் பிறகு வேரியன்ட் பெயர்களே மாறியிருக்கின்றன. பழைய தார் வாங்க நினைப்பவர்கள் வண்டியின் ஆண்டையும் வேரியன்டையும் பொருத்திப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டிதான்.

வேரியன்ட் விஷயத்தில் என்னைச் சங்கடப்படுத்துவது இதுதான். பெரிய திரை, கண்ணாடிக் கூரை, சீட் துணியின் நிறம் எல்லாம் பட்டியலில் முதலில் நிற்கும். டிஃபரன்ஷியல் எங்கோ கீழே ஒரு சுருக்கெழுத்தாகக் கிடக்கும். நான் போன ஒரு ஷோரூமில் இந்த வேரியன்டில் லாக் உண்டா என்று கேட்டதற்கு, "சென்ட்ரல் லாக் எல்லாத்துலயும் வருது சார்" என்று பதில் வந்தது. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். வண்டி எடுக்க ராகு காலம், எமகண்டம் பார்ப்பதில் காட்டும் அக்கறையில் கால் பங்கை அச்சுக்குக் கீழே குனிந்து பார்ப்பதில் காட்டினால் நன்றாக இருக்கும்.

அரசிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர்களை இழுவை உட்படப் பல விதமாகச் சோதித்து அறிக்கை தருகிறார்கள், விவசாயி அதைப் படித்துப் பார்த்து வாங்கலாம். ஜீப்புக்கு அப்படி ஒன்று இல்லை. ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. செய்யாறு பக்கம் மஹிந்திராவின் சோதனைத் தடங்கள் 454 ஏக்கரில் விரிந்திருக்கின்றன. வசதி இல்லாமல் இல்லை. கரிசலிலும் ஈரச் செம்மண்ணிலும் எந்த வண்டி எத்தனை டிகிரி ஏறும் என்று பொதுப்பணத்தில் அளந்து எல்லோருக்கும் தெரியப்படுத்தினால், மலைக்கிராமங்களுக்கு ஆம்புலன்ஸ் வாங்கும்போதும் அது உதவும்.

சக்கரத்திலும் ஒரு சங்கதி உண்டு. ராக்ஸின் உச்ச வேரியன்டான ஏஎக்ஸ்7எல்-இல் 19 அங்குல அலாய், அதைவிடக் கீழான எம்எக்ஸ்5-இல் 18 அங்குலம். டயரின் வெளி உயரம் இரண்டிலும் ஒன்றேதான், கணக்கிட்டால் 789 மில்லிமீட்டர். அப்படியானால் ரிம் பெருத்த அளவுக்கு ரப்பர் மெலிந்திருக்கிறது: 166 மில்லிமீட்டர் பக்கச்சுவர் 153 ஆகிவிட்டது. சேற்றிலும் கல்லிலும் காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் நசுங்கித் தரையை அணைத்துக்கொள்ள அந்தப் பக்கச்சுவர்தான் வேண்டும். கூடுதல் காசு கொடுத்து அதில் 13 மில்லிமீட்டரை இழக்கிறோம்.

சரி, தாண்டிக்குடிக்காரருக்கு என் பதில். பாதை குறுகலாக இருந்து, ஏற்றுகிற சுமையும் குறைவென்றால் ஜிம்னி ஜீட்டா போதும். அகலம் 1,645 மில்லிமீட்டர், ராக்ஸைவிட ஒரு சாண் குறைவு. ஆல்ஃபாவில் கூடுதலாக வருவது அலாய், எல்இடி விளக்கு, க்ரூஸ் கண்ட்ரோல் போன்றவை. இரண்டின் அச்சும் ஒன்றுதான். குடும்பத்தோடு மதுரை, சென்னை என்று ஓட்டவும் வேண்டுமென்றால் ராக்ஸ் எம்எக்ஸ்5 ஃபோர் வீல் டீசல். பெட்ரோலில் ஃபோர் வீல் கிடையாது. ஆட்டோமேட்டிக் கேட்டால் மட்டும் மேலே போக வேண்டியிருக்கும். உரமூட்டையும் காப்பி மூட்டையும் ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் தினமும் போக வேண்டுமென்றால் கூர்க்கா. வேரியன்ட் குழப்பமே இல்லை, மூன்று கதவா ஐந்து கதவா என்பது மட்டும்தான். 700 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம், என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாயான ஸ்னார்க்கலும் கூடவே வருகிறது.

டெஸ்ட் டிரைவ் தரும்போது நல்ல ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் தோட்டத்துக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய ஜீப் நிற்கும் அதே இடத்தில் நிறுத்தி, லோ போட்டு, கூட ஒருவரைக் கீழே இறக்கி எந்தச் சக்கரம் சுற்றுகிறது, அதன் பிறகு எத்தனை நொடியில் மறுசக்கரம் பிடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறி முடித்ததும் லாக்கை எடுத்துவிட வேண்டும். பூட்டிய அச்சோடு தார்ச் சாலையில் திருப்பினால் அந்த 4.7 மீட்டர் தேய்மானம் உங்கள் டயரிலும் அச்சிலும்தான் விழும்.