இரும்புத் தகடு இல்லாமல் பிறந்த கொர்வெட்

செவர்லே கொர்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் முதன்முதலாக மக்கள் கண்ணில் பட்டது 1953 ஜனவரியில், நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய மோட்டோரமா கண்காட்சியில். ஹார்லி ஏர்லின் வடிவமைப்புக் குழு உருவாக்கிய கார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட்டில் உற்பத்தியே தொடங்கிவிட்டது. கண்காட்சிக் கார் ஆறு மாதத்துக்குள் சாலைக்கு வர முடிந்ததற்கு, அதன் பாடியை பைபர்கிளாஸில், அதாவது கண்ணாடி இழையில், செய்ததுதான் பெரிய காரணம்.

எஃகுத் தகட்டை அழுத்தி ஒரு பானட்டோ கதவோ செய்ய ராட்சத பிரஸ் வேண்டும், ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக உலோக அச்சு வேண்டும், அந்த அச்சுகளைச் செய்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும், செலவும் எக்கச்சக்கம். ஏராளமாக விற்கும் காருக்குத்தான் அது கட்டுப்படியாகும். 1953-இல் செய்த கொர்வெட் மொத்தமே 300. கண்ணாடி இழையை அச்சில் பரப்பி பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்தால் வேதிவினையில் அது இறுகிவிடும். இழுவிசையை இழை தாங்கிக்கொள்ளும், இழை நகராமல் ரெசின் பிடித்துக்கொள்ளும். எடை குறைவு, துருவும் பிடிக்காது.

ஆனால் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. சாதாரண காரில் விளக்குக்கு ஒரு ஒயர் போதும், மின்சாரம் பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். கொர்வெட்டில் அந்த எர்த் இல்லை, அதற்கும் தனி ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. இக்னிஷன் கிளப்பும் ரேடியோ இரைச்சலைத் தடுக்கவும் உலோகப் பாடி இல்லை என்பதால், இக்னிஷன் பாகங்களுக்கு மேல் உலோக மூடி போட்டார்கள். அப்புறம் இதே குணத்தை நல்லதுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்: ரேடியோ அலை பைபர்கிளாஸை ஊடுருவும் என்பதால் ஆன்டெனாவை டிக்கி மூடிக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். எனக்கு அந்தக் காரில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

எஞ்சின்தான் ஏமாற்றம். குடும்பக் காரின் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினையே, மூன்று கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) வைத்து 150 குதிரைத்திறனுக்கு ஏற்றியிருந்தார்கள். பானட் தாழ்வு, எஞ்சின் உயரம், அதனால் கார்புரேட்டர்களைப் பக்கவாட்டில் பொருத்தினார்கள். கியர்பாக்ஸோ இரண்டே வேகம் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். ஸ்போர்ட்ஸ் கார் தேடி வந்தவர்களுக்கு இது எப்படிப் போதும்? 1954-இல் 3,640 கார் செய்தார்கள், நிறைய விற்காமல் தேங்கின. 1955-இல் செய்தது 700-தான்; ஃபோர்டின் தண்டர்பேர்டு அந்த முதல் ஆண்டிலேயே 16,000-க்கு மேல் போனது.

அந்த 700-இல் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது புதிய வி8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின். 4.3 லிட்டர், 195 குதிரைத்திறன், பழைய ஆறு சிலிண்டரைவிட எடையும் குறைவு. பழையதில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் சுமார் 100 மில்லிமீட்டர் நகர வேண்டும், இதில் 76 மில்லிமீட்டர்தான், ஆகவே பிஸ்டன் வேகம் எல்லை மீறாமலே எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழற்ற முடிந்தது. கொர்வெட்டின் தந்தை என்று சோரா அர்க்கஸ்-டன்டோவைச் சொல்வார்கள். மோட்டோரமாவில் காரைப் பார்த்து மயங்கி 1953-இல் நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர், அதைப் பந்தயக் காராக வளர்த்தவரும் அவரே. ஆனால் இந்த வி8-ஐக் கொடுத்தது செவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோலின் குழு, அவருக்கு அந்த அளவு பேர் கிடைக்காதது நியாயமே இல்லை. அதே எஞ்சினைப் பெரிதாக்கி, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இஞ்செக்‌ஷன் சேர்த்து, 1957-இல் 283 கன அங்குலத்திலிருந்து 283 குதிரைத்திறன் எடுத்தார்கள்.