பென்சில் டப்பாவில் கிடைத்தது

போன ஆடியில் ஓர் அம்மா, ஒன்பதாவது படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை என் மேசைமேல் அவிழ்த்தார். விரல்நுனி அளவில் நாலைந்து வெள்ளைப் பைகள், குட்டி டீ பை மாதிரி. மகனின் பென்சில் டப்பாவில் இருந்ததாம். புதினா வாசம் அடித்ததால் முதலில் மிட்டாய் என்று நினைத்திருக்கிறார்.

பையனின் கீழுதட்டை மடக்கிப் பார்த்தேன். உள்ளே ஓரிடத்தில் மட்டும் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. புகையிலைப் பையைத் தினமும் ஒரே இடத்தில் அடக்கி வைப்பவர்களுக்கு அப்படி ஆகும்.

"அடிச்சுக் கேட்டேன் டாக்டர். சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். இல்லவே இல்லைன்னு பண்ணிட்டான்" என்று அழுதார்.

எனக்கு அந்த வெளுத்த தோலைவிட அந்தச் சத்தியம்தான் கவலையாக இருந்தது. உண்மை சொன்னால் அடி, பொய் சொன்னால் தப்பிக்கலாம் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். இந்தக் கணக்குப் போட்ட பிள்ளைகள்தான் என்னிடம் மிகவும் தாமதமாக வருகிறார்கள்.

அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். அரைமணி நேரத்தில் அவனே சொன்னான். டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பதினொன்றாவது அண்ணன் ஒருவன் கொடுத்தது. அதற்கும் முன்னால், சித்தப்பா கல்யாணத்தில் பீர் ஒரு வாய். ஊற்றிக் கொடுத்தது தாய்மாமா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம்.

இதை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். முதல் வாய் பெரும்பாலும் சொந்தக்காரர் கையால்தான் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. மாமாவுக்கு விலக்கு கிடையாது. ஆசையை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்கும் மூளைப்பகுதி முழுமையாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்குபவர்கள் பிற்காலத்தில் அடிமையாகும் வாய்ப்பு மிக அதிகம். அதனால் "கொஞ்சம்தானே" என்று சொல்லும் உறவினரைத் தடுக்க வேண்டியது அப்பா அம்மாதான், சபையில் முகம் கோணினாலும் பரவாயில்லை. மகனைச் சோடாவுக்கும் சிகரெட்டுக்கும் கடைக்கு அனுப்புவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பல அப்பாக்கள் மகன் வாயை மோந்து பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வலிநிவாரணி மாத்திரைக்கு வாடை கிடையாது. அதைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன், உயிரே போகலாம். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்தது பசை, தின்னர் போல முகர்ந்து இழுக்கும் பொருள்கள். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முதல் தடவை இழுக்கும்போதே இதயம் நின்றுபோகலாம். காலி மாத்திரை அட்டை, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, திடீரென்று மாறிய சிநேகிதம், வீட்டில் குறையும் சில்லறை... இவற்றைக் கவனியுங்கள். ஆனால் ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். தூக்கமும் கோபமும் அந்த வயதில் சாதாரணமாகவே மாறும்.

பேச்சை எட்டாவது, ஒன்பதாவதிலேயே தொடங்கிவிடுங்கள். உட்கார வைத்து ஒரு மணி நேரம் போதனை செய்தால் காதில் ஏறாது. வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது ரெண்டு நிமிஷம் போதும். நண்பர்கள் முன்னால் "வேண்டாம்" என்று சொல்வது பிள்ளைக்குப் பெரிய அவமானம். அதற்கு ஒரு சாக்கை நீங்களே கொடுங்கள்: "எங்கப்பா தினமும் வாயை மோந்து பார்ப்பாருடா, விடு." அப்புறம் இன்னொரு வாக்கு: எந்த ராத்திரியானாலும் போன் பண்ணு, வந்து கூட்டிட்டுப் போறேன், காலைல பேசிக்கலாம்.

குடித்துவிட்டே வந்தால் அன்று விசாரணை வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருங்கள். மோர், எலுமிச்சைச் சாறு புகட்டாதீர்கள், புரையேறும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் உடனே 108. மறுநாள், அவன் தெளிந்த பிறகு, நீங்களும் கோபம் தணிந்த பிறகு பேசுங்கள். மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446, இரண்டுக்கும் கட்டணமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அந்தப் பையன் இன்னும் முழுசாக விடவில்லை. போன மாதம் இரண்டு தடவை வைத்தானாம். அதை வந்து சொன்னது அவன்தான், அம்மாவிடம், அடுப்படியில் நின்றுகொண்டு.

"கை பரபரத்துச்சு டாக்டர். ஆனா அடிக்கல" என்றார் அவர்.